ஏழாங்கட்டை மாதாவின் புதுமை

இது நடந்தது. நம்பாதவர்கள் மலாக்காப் பக்கம் பெம்பானுக்கு வந்து புவனேந்திரனையே கேட்கலாம். அவர் வாய் திறப்பாரா என்பது வேறு விஷயம். பேய்க்குப் பயந்த ஆள் இல்லை அவர். தமிழ்ப் பத்திரிகைக்கு வட்டாரச் செய்தி எழுதியே தலை நரைத்தவர். பொன்னாடையும் மாலையும் மைக்கும் சேர்ந்தால் மனிதன் என்ன ஆவான் என்பதை வாரா வாரம் கிட்டத்தில் பார்த்தவருக்குப் பேய் ஒரு பெரிய விஷயமாகத் தோன்றியதில்லை.

ஏழாங்கட்டை மாதா கோயில் ஏழாவது மைல் கல்லருகே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. தகரக் கூரை, சேலை கட்டிய சின்ன மாதா சுரூபம், அவ்வளவுதான். ரப்பர் காலத்திலிருந்தே தோட்டத்தில் ஒரு வழக்கம். பச்சைப் பிள்ளை இறந்தால், எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீடானாலும், அந்தக் கோயிலுக்குப் பின்னால்தான் புதைப்பார்கள். கல் வைப்பதில்லை. பெயர் எழுதுவதில்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன் புவனேந்திரனும் அவர் மனைவி ஜெயாவும் தங்கள் ஒரே மகளை, பிறந்த மூன்றாம் நாள், அங்கேதான் விட்டுவிட்டு வந்தார்கள்.

போன வருடம் நிலம் கைமாறியது. கிடங்கு கட்டப் போவதாகப் பேச்சு. சரித்திரம் உள்ள யாத்திரைத் தலம் என்றால் கோயிலை விட்டுவிடுகிறோம் என்று கம்பெனி சொன்னது. உடனே திருவிழாக் கமிட்டித் தலைவர் சவரிநாதன் சரித்திரம் தேடிப் புறப்பட்டார். அகப்பட்டது ஒரே ஒரு புலிக்கதை. நல்ல கதைதான்; அதில் மாதா இல்லை.

கடைசியில் புவனேந்திரன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நீதான்பா எழுதணும். மாதா செஞ்ச அதிசயமா ஒரு புதுமை வேணும்."

"நான் இந்துங்க, தலைவரே."

"அதனால என்ன லா? மாதாவுக்குத் தமிழ் தெரியும்."

புவனேந்திரன் மறுக்கவில்லை. நிலம் போனால் மகளும் அல்லவா போவாள்.

அன்று மாலை சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஜெயா எட்டிப் பார்த்தாள்.

"பொய்தானே எழுதுறீங்க?"

"ஆமா."

"நல்லா எழுதுங்க."

எழுதினார். பிள்ளையைக் காய்ச்சலுக்குக் கொடுத்த ரப்பர் பால்மரம் வெட்டும் ஒரு பெண். குழி மேட்டை விட்டு எழ மறுக்கிறாள். வெள்ளைச் சேலையில் மாதா வருகிறாள், கையில் வேப்பிலை. "உன் பிள்ளையை நான் பார்த்துக்கிறேன், நீ பெரட்டுக்குப் போ" என்கிறாள். அந்தக் காலத்தில் பிள்ளை செத்தாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்தாக வேண்டும். அதனால் மாதாவும் கங்காணி மாதிரி பேசும்படி ஆகிவிட்டது.

சவரிநாதன் படித்துக் கண் கலங்கினார். பிறகு தலைவராக யோசித்தார். "வேப்பிலை வேணாம்பா. மாரியம்மா மாதிரி இருக்கு. மெழுகுவத்தி போடு."

மெழுகுவத்தி போட்டார். முதல் தாளைக் கிழித்து எறிந்தார். அதில் வேப்பிலை இருந்தது அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

புதுமை பேனரில் ஏறியது. மூவாரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. 'நூற்றாண்டு கண்ட அதிசயத் தலம்' என்று சவரிநாதன் மைக்கில் முழங்கினார். எந்த நூற்றாண்டு என்று யாரும் கேட்கவில்லை.

திருவிழாவின் கடைசி நாள். மழை விட்டும் விடாத மாலை. தேர் சுற்றிவரப் போயிருந்தது. புவனேந்திரனுக்குக் கால் கடுத்தது. கோயில் பக்கவாட்டில், கொட்டகைக்கடியில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்து மலாய்க் கம்போங் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடித்தார்கள்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது.

ரப்பர் பால் புளித்த வாடை. அந்தத் தோட்டத்தில் ரப்பர் வெட்டி ஒழித்து எத்தனையோ வருடம் ஆயிற்று...

"நீங்கதானா எழுதுனது?"

ஒரு பெண், கொட்டகைக்கு வெளியே, தூறலில் நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் மார்போடு மடக்கி வைத்திருந்தாள். குளிர் போலும் என்று நினைத்தார்.

"ஆமாம்மா."

"நல்லா இருக்கு. ஆனா மெழுகுவத்தி இல்லைங்க. வேப்பிலை."

புவனேந்திரன் நிமிர்ந்தார். "தலைவர் சொன்னாரா?"

"யாரு சொல்லணும்?" குரலில் கோபம் இல்லை. இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்பவளின் குரல். "அப்புறம்... நான் பார்த்துக்கிறேன்னு அந்த அம்மா சொல்லல. என்னையத்தான் பார்த்துக்கச் சொன்னாங்க."

"எதை?"

"எல்லாப் பிள்ளைங்களையும்."

தூறல் பெய்துகொண்டுதான் இருந்தது. அவள் முந்தானை நனையவில்லை.

"அசதியா இருக்குங்க," என்றாள். "இன்னும் ஆள் மாத்தி விடல."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அதற்குள் சவரிநாதன் வந்து சேர்ந்தார். கையில் பொன்னாடை, பின்னால் போட்டோக்காரர். பழைய தோட்டத்து முகம் ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"அம்மா இந்தத் தோட்டமா? மேடைக்கு வாங்கம்மா. சாட்சி சொல்லணும்." பொன்னாடையை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை.

"கை ஒழியலைங்க."

மூவரும் பார்த்தார்கள். மடக்கிய கைகளுக்குள் எதுவும் இல்லை.

அவள் திரும்பி நடந்தாள். கோயிலுக்குப் பின்பக்கம். மெதுவாக... அடி மேல் அடி வைத்து... தூங்குகிற எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

தேர் தூரத்தில் இருந்தது. பக்கத்தில் வேறு சத்தம்.

ஷ்... ஷ்... ஷ்...

பிறகு மூச்சு.

ஒன்று இல்லை.

நிறைய. சின்னச் சின்னதாக...

சவரிநாதன் பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டுத் தேர் இருந்த பக்கம் ஓடினார். 

ஆனால் தலைவர்களின் பயம் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. கம்பெனி இன்னும் முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அதை வழிக்குக் கொண்டுவர ரோட்டோரம் ஒரு தோரண வாயில் எழுப்புவதென்று கமிட்டி தீர்மானித்தது. மலாக்காவிலேயே பெரியது, சவரிநாதன் பெயர் பொறித்தது. தூணுக்குக் குழி தோண்டினார்கள்.

எலும்பு வந்தது.

போலீஸ் வந்தது. மருத்துவமனை ஆட்கள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள். ஒரு பெண். உலகப் போரில் ஜப்பான்காரன் வருவதற்கு முந்தியவள். புதைத்த நாளிலிருந்து அந்த மண்ணை யாரும் தொட்டதில்லை; அடுக்கு கலையவே இல்லை. அவள் கை வளைவுக்குள் ஒரு பச்சைப் பிள்ளை.

அவர்களைக் குழப்பியது ஒன்றுதான். பிள்ளையின் மணிக்கட்டில் கறுப்பு மணி, கோத்த நூல் நைலான். அந்தக் காலத்தில் ஏது நைலான்?

புவனேந்திரன் குனிந்து பார்த்தார். கறுப்பு மணி போதாமல் நடுவில் ஒரே ஒரு சிவப்பு மணி. ஜெயா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து மகளுக்குக் கோத்தது.

அவர் மகளைப் புதைத்தது இங்கே இல்லை. கோயிலுக்குப் பின்னால். தனிக் குழியில். தன் கையால் மண் தள்ளி.

கம்பெனிக்காரர்கள் அதன் பிறகு வரவில்லை. கோயில் அப்படியே இருக்கிறது. தோரண வாயிலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எலும்பு கிடைத்த அன்று வீட்டுக்கு வந்தவர், சிவப்பு மணியைப் பார்த்ததை மட்டும் ஜெயாவிடம் சொன்னார். சாப்பாடு வைத்தாள். அவர் கை கழுவும்போது, முகத்தைப் பார்க்காமல், ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இத்தனை வருஷமும் பிள்ளை தனியாவா கிடந்துச்சு?"

"இல்ல," என்றார் புவனேந்திரன். "தூக்கி வச்சிருந்தாங்க."