கூரை மேலே டவர் கிடைக்கும்

ருகோமா மலைச்சரிவில் ஐம்பத்திரண்டு வீடுகள். செல்போனுக்கு டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. பெகுண்டாவின் வாழைத்தோப்பு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் கரையான் புற்று. அதன் மேல் ஏறி ஏரிப் பக்கம் முகத்தைத் திருப்பினால் பேசலாம். ஓர் அடி இறங்கினால் போச்சு.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறியது போல, பெகுண்டா அந்தப் புற்றடியில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து பொழுது சாயும்வரை புகைக்குழாயும் கையுமாக அங்கேதான். வருகிறவர்களைத் தடுக்க மாட்டான், பைசா கேட்க மாட்டான். காதை மட்டும் தீட்டிக்கொண்டிருப்பான். யார் மகள் தலைநகர் கம்பாலாவில் யாரோடு குடியிருக்கிறாள், யார் மகனைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தினார்கள், எல்லாம் அவன் வயிற்றுக்குள் பத்திரமாக இருந்தன. அதனால் ஊரில் ஒருவரும் அவனை எதிர்த்து வாயைத் திறப்பதில்லை. அவனுடைய அண்ணன் மனைவி கொபுசிங்கேயைத் தவிர.

கொபுசிங்கே என்றால் சமாதானம் என்று அர்த்தம். பிள்ளை பேச ஆரம்பிப்பதற்கு முன்பே தகப்பன் அவசரப்பட்டுப் பெயர் வைத்துவிட்டான் போலிருக்கிறது. ஐம்பத்து மூன்று வயது. புருஷன் போய் இரண்டு வருஷம். சரிவில் மூன்று படிக்கட்டு வயல், கீழே சதுப்போரம் ஓர் உருளைக்கிழங்குத் தோட்டம், ஒரு தகர வீடு, இவ்வளவுதான் அவளுக்கு மிச்சம். அந்தக் கிழங்குத் தோட்டத்தின் மேல் பெகுண்டாவுக்குக் கண். அண்ணன் போனால் நிலம் தம்பிக்குத்தான் என்று புதைத்த மண் காயும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

அவள் நகரத்துக்குப் போய் நில அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். தன் கையால் எழுதிய மனு. அவளுக்கு எழுதத் தெரியும் என்பது ஊருக்கே தெரியும். நோயாளியைத் தூக்குக் கூடையில் வைத்து மலையிலிருந்து இறக்குவது இங்கே வீட்டுக்கு வீடு முறை. யார் முறை என்று பதினோரு வருஷமாக நோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். பெகுண்டாவுக்குக் கால் முறிந்தபோது அவனைத் தூக்கிய எட்டுப் பேரின் பெயரும் அவள் எழுத்தில் இருக்கிறது.

அலுவலகத்துக் குமாஸ்தா ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். "விசாரணை நாள போன்ல சொல்லுவோம்மா. மூணு தடவ கூப்பிடுவோம். மூணு தடவையும் எடுக்கலன்னா மனுவ மூடிருவோம்."

புற்றின் மேல் நின்றா அந்தப் போனை எடுப்பது? பெகுண்டாவின் காதுக்கு நேராகவா? செத்தாலும் மாட்டேன் என்றாள். என் வீட்டுக்கு டவரை வரவைக்கிறேன் பார் என்று இறங்கினாள்.

முதலில் போனை அலுமினியச் சட்டிக்குள் வைத்து ஜன்னலில் நிறுத்தினாள். சட்டி சூடானதுதான் மிச்சம். பிறகு செத்துப்போன ரேடியோவின் ஏரியலைப் பிடுங்கிப் போனோடு சேர்த்துக் கட்டினாள். அடுத்து சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை ஊரெல்லாம் பொறுக்கிச் சுவரில் ஒட்டினாள். பக்கத்து வீட்டு கென்யாங்கி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, வீடு சர்ச் மாதிரி மின்னுதே. பாதிரியாரக் கூப்பிடட்டுமா?"

"சிரிடி, நல்லா சிரி. நாளைக்கு உன் மகளுக்குப் பேச என் வாசல்லதான் வந்து நிப்ப."

ஒரு வாரம் கழித்து அவளுக்குப் புத்தியில் பட்டது. டவர் ஏரிக்கு அந்தப் பக்கத்து மேட்டில் இருக்கிறது. அவள் வீடோ மலையின் தோளுக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறது. உயரம்தான் வேண்டும், வெள்ளித்தாள் அல்ல. நீளமான யூகலிப்டஸ் கம்பு ஒன்றின் நுனியில் போனைக் கட்டிக் கூரைக்கு மேலே தூக்கி நட்டாள். மறுநாள் காலை உச்சியில் மணி அடித்தது!

கிழங்குத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து கம்பைச் சாய்த்தாள். போன் கூரைக்குக் கீழே வந்ததும் டவர் செத்தது, மணி நின்றது. அது முதல் அழைப்பு. அதற்கடுத்த நாள் கம்படியிலேயே காத்திருந்தாள். அன்றும் அதே கதை. மேலே வருகிறது, கைக்கு வந்தால் போய்விடுகிறது. இனி மிச்சம் ஓர் அழைப்பு.

போன் இறங்கி வராது என்றால் ஆள் ஏறவேண்டும். ஏறவேண்டியது கூரை மேல்.

அங்கேதான் சிக்கல். பெண்பிள்ளை கூரையில் கால் வைக்கக்கூடாது என்பது இந்த மலையில் பாட்டன் பூட்டன் காலத்துத் தடை. மூன்றாம் நாள் காலை அவள் ஏணியைச் சாத்தியபோது கென்யாங்கி ஓடிவந்து முந்தானைத் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டான்டி! பொம்பள கூரையில ஏறினா புருஷன் செத்துருவான்."

"என் ஆளு ரெண்டு வருஷம் முந்தியே முந்திக்கிட்டாரு. இனி யாரு சாகணும்? விடுடி."

கம்பிலிருந்து அவிழ்த்த போன், கோணிச்சாக்கு ஒன்று, நாலு அவித்த கிழங்கு, ஒரு பாட்டில் சோளக்கூழ். ஏறிப்போய்த் தகரத்தின் முகட்டில் சாக்கை விரித்து, குதிரை ஏறினவள் போல இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். பயமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் பாதி ஊர் கீழே கூடிவிட்டது. முந்தின நாள் பெஞ்சு காலியாகக் கிடந்தது ஒன்றைத் தவிர, பெகுண்டா அதை விட்டு எழுந்து வந்ததை அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

"அண்ணி, இறங்குங்க! எங்க குடும்ப மானத்தக் கப்பலேத்துறீங்களா?"

"மானம் வயல்ல விளையுமா கொழுந்தனாரே? விளையும்னா சொல்லுங்க, கிழங்குக்குப் பதிலா அதையே நட்டுக்கறேன்."

கூட்டம் சிரித்தது. பெகுண்டாவுக்கு முகம் கறுத்தது. விறுவிறுவென்று வந்து ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

"அங்கயே கெடங்க. மன்னிப்புக் கேட்டாத்தான் ஏணி."

அவன் சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. கொபுசிங்கே காதில் வைத்தாள். கீழே எல்லோரும் அண்ணாந்தார்கள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தார்கள். பிறகு அவள் உரக்கச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம். போனச் சத்தமா வைக்கிறேன். இப்ப சொன்னத அப்படியே இன்னொரு தடவ சொல்லுங்க."

பொத்தானை அழுத்திப் போனைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். குமாஸ்தாவின் குரல் தகரத்தில் பட்டுக் கணீரென்று இறங்கியது.

"நீங்க போன எடுக்கலம்மா. நேத்து உங்க கொழுந்தனார் பெகுண்டா ஒரு காகிதம் கொண்டுவந்து குடுத்தாரு. நிலத்த அவருக்கே விட்டுக் குடுக்கறதா நீங்க கைநாட்டு வெச்சிருக்கீங்க. சரிதானான்னு கேக்கத்தான் இந்தக் கடைசி போன்."

கூட்டத்தில் யாரோ, "கைநாட்டா? யாரு, கொபுசிங்கேயா?" என்றார்கள்.

"ஐயா, எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பள்ளிக்கூடத்துல ஆறு வருஷம் அடிவாங்கிக் கத்துக்கிட்டது. மனுவுல பாருங்க, என் பேரு முழுசா இருக்கும். அந்தக் கட்டவிரல் யாருதுன்னு, ஏணியத் தோள்ல வெச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவரக் கேளுங்க."

"அங்க யாராவது சாட்சி இருக்காங்களா?"

அவள் பதில் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. கீழேயிருந்து முதல் குரல் கென்யாங்கியுடையது. "நான் இருக்கேன்! எங்க தூக்குக் கூடை நோட்டு முழுக்க அவ எழுத்துதான்!" புற்றடியில் இத்தனை வருஷம் குசுகுசுவென்று பேசிப் பழகிய ஊர், தொண்டையைத் திறந்து கத்தியது. எத்தனை பேர் கத்தினார்கள் என்று குமாஸ்தாவால் எண்ண முடியவில்லை. சிரித்துவிட்டார்.

"போதும், போதும். அந்தக் காகிதத்த ஒதுக்கி வெக்கிறேன். வியாழக்கிழமை காலையில விசாரணை. அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்கம்மா. பெகுண்டாவும் கட்டாயம் வரணும்."

பெகுண்டாவுக்கு ஏணியைக் கீழே வைப்பதா, அதோடு ஓடுவதா என்று தெரியவில்லை. கென்யாங்கி நேராகப் போய் அதை அவன் தோளிலிருந்து பிடுங்கினாள். சுவரில் சாத்தினாள்.

கொபுசிங்கே இறங்குவதற்குக் காலைத் திருப்பினாள். ஆனால் ஏணி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. கென்யாங்கி இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள். முகட்டை எட்டியதும் போனைக் கையில் எடுத்தாள்.

"தள்ளி உக்காருடி. என் மககிட்ட மனசு விட்டுப் பேசி மூணு வருஷமாச்சு."

"உன் புருஷன் கீழதானடி நிக்கிறான்!"

கென்யாங்கி குனிந்து பார்த்தாள். "ஏங்க, உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்" என்றார் அவர். "பாப்பாவ நான் கேட்டதாச் சொல்லு."