வர்ற வழிப் பூ

ஐயம்பேட்டை பேருந்து நிறுத்தத்துச் சுவரில் ஓவியம் வரைய வந்தவள், மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன குடும்பத்துப் பெண். தன் மக்களையும் எங்கள் ஊர்க்காரர்களையும் ஒரே தெருவில் நடக்கவிட்டிருந்தாள். யார் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவே நான் தினமும் போய் நின்றேன். அப்படியே மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது.

படத்திலிருந்த அந்தத் தெரு முழுக்க அவள் செண்டுமல்லியை உதிர்க்கத் தொடங்கியதும், சுவரடியில் பூ விற்கும் அக்கா எழுந்துவிட்டார்.

“சாவு ஊர்வலத்துல எறைக்கிற பூவ என் தலைக்கு மேல போட்டா, எவ சார் எங்கிட்ட மல்லி வாங்குவா? அழிக்கச் சொல்லு.”

சொன்னேன். ஓவியக்காரி தூரிகையை இறக்கினாள். அவர்களிடமும் அது செத்தவர்களுக்கான பூதானாம். வருடத்துக்கு ஒருமுறை செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். வழி தவறிவிடக் கூடாதென்று வாசல்வரை அதைத் தூவி வைப்பார்களாம்.

“நம்ம போற வழில போடறோம், அவங்க வர்ற வழில போடறாங்களா?” அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வந்தா சோறு போடுவாங்களான்னு கேளு.”

பிடித்ததையெல்லாம் சமைத்து வைப்பார்களாம் என்றேன்.

“அப்ப அழிக்க வேணா. என் கடைய வுட்டுட்டு எங்க சந்து பக்கமா இழுத்து வுடச் சொல்லு சார். இல்லன்னா எங்க வீட்டுக்காரரு நேரா ஒயின்ஷாப்புக்குப் பூடுவாரு.”

இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள், அக்கா தன் சந்து இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். ஓவியக்காரி தூரிகையை மஞ்சளில் தோய்த்தாள்.