மோதிர விரலின் நாண்

கதவு திறந்ததும் அவள் பார்வை வந்தவரின் முகத்துக்குப் போகாது. கைக்குத்தான் போகும். வீக்கம் வடிந்திருக்கிறதா, நகக்கண்ணில் ரத்த ஓட்டம் தெரிகிறதா என்று பார்த்து முடித்த பிறகே, "வாங்க, உக்காருங்க" என்பாள். மாதக்கணக்கில் வந்துபோனவர்களைக்கூடத் தெருவில் அவளுக்கு அடையாளம் தெரியாது. அவர்கள் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும், "அட, பேக்கரி மெஷின்ல கையை விட்டவரா! இப்ப சட்டைப் பித்தான் போட முடியுதா?" என்று நடுத்தெருவிலேயே விசாரணை தொடங்கிவிடும்.

அறுந்த கையை மருத்துவர் தைத்து அனுப்புவார். அதை மடக்கவும் பிடிக்கவும் மறுபடி பழக்குவது இவள் வேலை. மருத்துவமனையின் கோடி அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு வெந்நீர்த் தொட்டி. தொட்டியில் பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு, அது ஈரத்துணி போலத் துவண்டதும் எடுத்து, நோயாளியின் முன்கையில் படியவைத்து, கையை அசையாமல் தாங்கும் ஸ்பிளின்ட் செய்வாள். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்பதால் ஆஸ்பத்திரி முழுக்க அவள் 'மெதுவாக்கா'. அவள் கணவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. "நானும் பகல் முழுக்க இதே மந்திரம்தான். எங்க வீட்டுக்கு அவசரம் வந்தா வாசலோட திரும்பிப் போயிடும்" என்பார். அவர் காய் நறுக்க உட்கார்ந்தால் அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். அந்தக் கத்திச் சத்தத்தை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

சுவரில் கையின் உட்புறப் படம் ஒன்று தொங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் வகுப்பு. "இதெல்லாம் ஒரே குடும்பம். இணைப்புத் திசுன்னு பேரு. உடம்பைச் சேத்துக் கட்டித் தாங்கறதே இதுங்கதான். எலும்பு பெரியண்ணன். ஒடஞ்சா ஊரைக் கூட்டும், ஆனா சீக்கிரமே சேந்துக்கும். குருத்தெலும்பு ரோஷக்காரி, தேஞ்சா தேஞ்சதுதான். ரத்தமும் இந்த வீட்டுப் பிள்ளைதான், என்ன, ஒரு இடத்துல உக்காராது. கொழுப்பைத் திட்டாத ஆளில்ல, அது இல்லேன்னா உள்ளங்கையில மெத்தை ஏது?" பிறகு குரல் இறங்கும். "இந்தத் தசைநாண் இருக்கே, இதுதான் வம்பு. தசை இழுக்கறத விரலுக்குக் கொண்டுபோற கயிறு. ரத்தம் கொஞ்சமாத்தான் போகும், ஆற நாளாகும். அவசரப்பட்டா அறுந்துடும். சும்மாவே வெச்சா அங்கங்க ஒட்டிக்கும். புது மாப்பிள்ளை மாதிரி தாங்கணும்."

அன்று காலை கண்ணாடி வெட்டுகிறவன் வந்தான். மூன்று வாரத்துக்கு முன் கண்ணாடி சரிந்து நடுவிரலிலும் மோதிர விரலிலும் நாண் அறுந்து, தைத்த கை. கூடவே மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. அவன் உட்காரும் முன்பே மெதுவாக்கா கண்டுவிட்டாள். ஸ்பிளின்ட்டின் வார் அவள் கட்டிய மாதிரி இல்லை.

"கழட்டினியா?"

"இல்லக்கா. நழுவிச்சு, இவதான் இறுக்கிவிட்டா."

மெதுவாக்கா வார்களை அவிழ்த்தாள். நடுவிரலின் கணுவைப் பிடித்துக்கொண்டு, "நுனியை மட்டும் மடக்கு. மெதுவா" என்றாள். நுனி லேசாக அசைந்தது. மோதிர விரலைப் பிடித்தாள்.

"மடக்கு."

"மடக்குறேன்க்கா."

விரல் அசையவில்லை. அவன் நெற்றி நரம்பு புடைத்தது, விரல் அப்படியே இருந்தது. மணிக்கட்டை மெல்லப் பின்னுக்குச் சாய்த்தாள். மற்ற விரல்கள் தாமாகச் சுருண்டன. மோதிர விரல் மட்டும் விறைத்து நீண்டு நின்றது. தைத்த நாண் மறுபடி அறுந்திருக்கிறது.

"எப்ப நடந்தது?"

"என்னது? ஒண்ணும் நடக்கலயே."

"நீ என்ன பண்ணேன்னு நான் கேக்கல. எப்பன்னு மட்டும் சொல்லு."

அவன் சுவர்ப்படத்தைப் பார்த்தான். அறுந்த நாண் நாளுக்கு நாள் உள்ளே சுருங்கிக்கொண்டே போகும். ரொம்பத் தள்ளிவிட்டால் மறுபடி இழுத்துத் தைக்க எட்டாது. அதனால்தான் அவள் யாரையும் திட்டுவதில்லை. திட்டினால் பொய் வரும், பொய்யில் நாள் போகும். ஆனால் இவன் திட்டாமலே பொய் சொல்கிறான்.

குழந்தை மேசை மேலிருந்த வாரைப் பிடுங்கக் கையை நீட்டியது. அதன் மேல்கையில் வரிசையாக விரல் தடங்கள். நீலம் போய்ப் பச்சை பாய்ந்திருந்தது. இன்று நேற்றுப் பட்ட தடம் இல்லை. மெதுவாக்கா முதல்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். மனைவி சட்டென்று குழந்தையின் கையைத் துணியால் மூடினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இவரு அடிக்கல. பிள்ளை கட்டில்லேருந்து தலைகுப்புற உருண்டுட்டான். இவருதான் இந்தக் கையாலயே எட்டிப் பிடிச்சாரு. 'டப்'னு சத்தம் எனக்கே கேட்டுச்சு."

"நீ சும்மா இரு!" என்றான் அவன்.

"சும்மா இருந்து இருந்துதான் நாலு நாள் ஆச்சு" என்றாள் மனைவி.

மெதுவாக்கா ஃபோனை எடுத்து அறுவை மருத்துவரிடம் பேசினாள். வைத்துவிட்டுத் திரும்பினாள். "இன்னிக்கே திறந்து பாக்கணுமாம். காலைல என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல. பயத்துல இறங்கல."

"நல்லதாப் போச்சு. இனிமே தண்ணிகூடக் குடிக்காத."

"வேண்டாம்க்கா." அவன் எழுந்துவிட்டான். "மறுபடி கிழிக்க என்னால ஆகாது. ஒரு விரல் மடங்கலேன்னா குடியா முழுகிடும்?"

"அகலக் கண்ணாடியைத் தூக்கறப்ப அடியில கொடுக்கற விரல் எது?"

அவன் வாசல் வரை போனான். அங்கே நின்று திரும்பி, ஆத்திரமாகச் சொன்னான்: "தெச்சு அனுப்புவீங்க. பிள்ளை மறுபடி விழுந்தா நான் மறுபடி பிடிப்பேன். கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா?"

"பிடி" என்றாள் அவள். "நான் வேண்டாம்னு சொன்னேனா? பிடிக்கறதுக்குத்தான்டா அது கை. அதுக்குத்தான் தெச்சுக்கோன்னு கெஞ்சறேன்."

அவன் கதவுப் பிடியைப் பிடித்தபடி நின்றான். உதடு கோணிக்கொண்டது. பிறகு வந்து உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்தான்.

மாலையில் மருத்துவர் வெளியே வந்தார். நாணின் முனை உள்ளங்கை வரை ஓடிப்போயிருந்ததாம். தேடிப் பிடித்து இழுத்துத் தைத்தாயிற்று. "பிடிச்சுக்கும்னுதான் நினைக்கறேன். முன்ன மாதிரி முழுசா மடங்கும்னு இப்பவே சொல்ல மாட்டேன்" என்றார்.

மறுநாள் புது ஸ்பிளின்ட்டுக்கு அளவெடுக்க அவள் வார்டுக்குப் போனாள். அவன் கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தபடி அசந்து தூங்கினான். கட்டிலுக்குப் பக்கத்து பெஞ்சில் மனைவியும் தூங்கினாள். அவளுக்கு வெளிப்புறமாக, பெஞ்சின் விளிம்பில் குழந்தை. அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மெதுவாக்கா மூலையிலிருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வந்தாள். அதன் முதுகு குழந்தையின் பக்கம் இருக்கும்படி திருப்பி, பெஞ்சோடு ஒட்டிப் போட்டு, இடைவெளி இருக்கிறதா என்று கையைவிட்டுப் பார்த்தாள்.