கண்ணை மூடி எண்ணிய குத்துகள்

அன்று பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் எங்கள் பக்கம் இருந்தவர்கள் ஐந்து பேர். மாநிலக் குத்துச்சண்டை சேம்பியனான என் மகள், அவளுடைய மாஸ்டர், என் மனைவி, மனைவியின் அண்ணனாகிய என் மச்சான், அப்புறம் நான். எதிர் மூலையில் ரவாங்கிலிருந்து வந்த இடக்கைக்காரப் பெண்.

ஜெயித்தால் மகளுக்குத் தேசியப் பயிற்சி முகாமில் இடம். தோற்றால் அது ரவாங்குக்கு. இதை நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கிள்ளானிலிருந்து ரயிலில் வரும்போது, கையுறையை மறந்துவிட்டோமோ என்று பையைத் திறந்து திறந்து பார்த்தேன். கடைசியில் மனைவி பையைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். ஒழுங்காக வருவது எண்ணுவது மட்டும்தான். போர்ட் கிள்ளான் கிடங்கில் கன்டெய்னருக்குள் ஏறும் பெட்டிகளை எண்ணுவது என் பிழைப்பு. கையில் கிளிக்கர் இருக்கும். அமுக்கினால் எண் ஒன்று கூடும். பழகிவிட்டால் பெட்டியைப் பார்க்கவே வேண்டாம். 'தொப்' என்ற சத்தம் கேட்டால் விரல் தானாக அமுக்கும்.

அதனால்தான் மகளின் ஆட்டத்தை எண்ணும் பொறுப்பை மாஸ்டர் என்னிடம் கொடுத்தார். இரண்டு கையிலும் கிளிக்கர். குத்து விடும்போது 'உஸ்' என்று மூச்சு விடுவார்கள் அல்லவா, அது இடது கைக்கு; அவள் எத்தனை விட்டாள் என்று தெரியும். குத்து பட்டால் வரும் 'தொப்' வலது கைக்கு. எத்தனை குறியில் பட்டது என்று தெரியும். ஆனால் பெற்ற மகள் அடிபடுவதை எவன் பார்ப்பான்? மணி அடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். காது பார்த்துக்கொள்ளும். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் செமினியிலிருந்து வந்த ஒருத்தியோடு ஆட்டம். உயரமானவள், கையை நீட்டாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள் என்று மாஸ்டர் பிறகு சொன்னார். உஸ் அறுபது, தொப் முப்பது. அதன் பிறகு இதே ரவாங் பெண்ணோடு. மகள் நூலிழையில் ஜெயித்தாள். உஸ் நூற்றிருபது, தொப் தொண்ணூறு!

"பாருங்கண்ணே, செமினிகிட்ட பாதிதான் பட்டுச்சு. இவகிட்டன்னா டபுளா அடிக்கிறா, நாலுல மூணு படுது. இன்னிக்கு உள்ள பூந்து அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார் மாஸ்டர்.

மச்சானுக்கு உற்சாகம் தாங்கவில்லை, பணப்பையைத் தட்டினார். "தொப்புன்னு விழுற ஒவ்வொரு குத்துக்கும் ஒரு வெள்ளி தரேன். எண்ணு மாப்ள!"

மணி அடித்தது. கண்ணை மூடினேன். ஐயோ, என்ன மழை! தொப், தொப், தொப். என் விரலால் ஈடுகொடுக்க முடியவில்லை. மனைவி என் தொடையைக் கிள்ளினாள். சந்தோஷத்தில் கிள்ளுகிறாள் என்று நானும் காலை ஆட்டிச் சிரித்தேன்.

சுற்று முடிந்ததும் எழுந்து நின்று கத்தினேன். "நாப்பது! நாப்பது பட்டுருச்சு!"

மூக்கு சிவந்து முக்காலியில் உட்கார்ந்திருந்த மகள் வாயிலிருந்த பல்லுறையைத் துப்பினாள். "அப்பா! அதுல முக்காவாசி என் மேலதான்பா விழுந்துச்சு!"

மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கண்ண மூடிட்டா எண்ணுனீங்க?"

"அண்ணே, அப்போ போன வருசக் கணக்கு?" என்றார் மாஸ்டர்.

"அதுவும் காதாலதான்."

மாஸ்டருக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்க மகளிடம் சொன்னார்: "உள்ள போகாத. அந்தத் தொண்ணூறுல பாதி ரவாங் அடிச்சது. செமினி மாதிரி நீ பின்னால போ. அவ வரட்டும், வீசட்டும், விட்டுட்டு அடி."

இரண்டாம் சுற்றிலும் பயத்தில் கண் மூடித்தான் இருந்தது. வலது கையில் இன்னும் இருபத்தேழு கூடியது. மூன்றாவதுக்கு முன்னால் மனைவி என் தாடையைப் பிடித்தாள். "இப்ப கண்ண மூடுனீங்கன்னா, கிள்ளானுக்கு நடந்தே வாங்க லா!"

பார்த்தேன். ரவாங்காரியின் இடக்கை பாய்ந்து வந்தது. மகள் தலையை ஒரு விரற்கடை சாய்த்தாள். கை காற்றில் போனது. அடுத்த நொடி இவளுடைய வலக்கை, 'தொப்'. அடடா, இத்தனை வருடமும் இதையா பார்க்காமல் இருந்தேன்! அவள் குத்தியதை மட்டும் எண்ணினேன். இருபத்தொன்று.

நடுவர் மகளின் கையைத் தூக்கினார். கண்ணில் பட்டவரையெல்லாம் கட்டிப்பிடித்தேன். அதில் ஒருவர் ரவாங் பெண்ணின் அப்பா. "உங்க பொண்ணும் பிரமாதமா அடிச்சாண்ணே, நானே எண்ணுனேன்" என்றேன். மனிதர் முழித்தார்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மச்சான் இருபத்தொரு வெள்ளியை எண்ணி வைத்தார். முதல் இரண்டு சுற்றுக்கு மட்டும் கையை விரித்தார். "அதுல பாதிய ரவாங் பொண்ணோட அப்பாகிட்ட போய் வாங்கிக்க மாப்ள."

"மாமா, ரெண்டு பக்கக் குத்துலயும் நான்தான் இருந்தேன். முழுசா எனக்குத்தான்" என்றாள் மகள், வீங்கிய உதட்டோடு அப்பளத்தை நொறுக்கியபடி.

இப்போது அவள் முகாமில் இருக்கிறாள். போன் செய்தால் முதலில் மாமாவைத்தான் கேட்கிறாள். பாக்கி அறுபத்தேழு வெள்ளி.