விருந்தாளிக்கு வைத்த தட்டு

எங்கள் குடும்பத்தில் ஒருவர் சாப்பிடாமல் இருந்தால், அதற்கு என்ன பெயர் வைக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். காய்ச்சல் என்றால் கஞ்சி வரும். கோபம் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்; பசித்தால் தானாக வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். உபவாசம் என்று சொல்லிவிட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்க முடியாது. ஆண்டவருக்கும் அவருக்கும் நடுவில் போய் இட்லித் தட்டை நீட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? பெரியம்மா இந்தக் கடைசிப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டாள்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் கடலூர் முதுநகரில் இருந்தோம். பெரியம்மா, அம்மாவின் அக்கா, சிதம்பரத்தில் இருந்தாள். அவளுக்கு ஒரே மகன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்த அண்ணன், முந்தின வருஷம் நண்பர்களோடு பரங்கிப்பேட்டைக்குக் குளிக்கப் போய், வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில் முழுகிப்போனான். அடக்கத்துக்கு என்னையும் கூட்டிப்போயிருந்தார்கள். பெட்டியை மூடும்போதுகூடப் பெரியம்மா அழவில்லை. அதைத்தான் எல்லோரும் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அழுவதற்குப் பதிலாகச் சாப்பாட்டை நிறுத்தினாள். முதலில் வெள்ளிக்கிழமை, பிறகு புதனும் சேர்ந்தது, அப்புறம் கிழமை பார்ப்பதையே விட்டுவிட்டாள். காலையில் ஒரு தம்ளர் காப்பி, சாயங்காலம் ஒரு தம்ளர் மோர். டாக்டர் திட்டிப் பார்த்தார். பாஸ்டர் வீட்டுக்கு வந்து, சரீரமும் ஆண்டவர் கொடுத்ததுதானே என்று பதமாக எடுத்துச் சொன்னார். "சரிங்க ஐயா" என்பாள், அதோடு சரி. இப்படியே போனால் அக்காவும் பிள்ளை பின்னாடியே போய்விடுவாள் என்று அம்மா அடுப்படியில் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மே மாத லீவு விட்டதும் என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். பெரியம்மாவுக்குத் துணைக்காம். வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் அதற்குச் சமைத்துத்தான் ஆக வேண்டும், சமைக்கிற கைக்கு ஒரு வாயாவது சாப்பிடத் தோன்றும் என்பது அம்மாவின் கணக்கு. என் கணக்கில் இருந்தது பெரியப்பா வீட்டின் பெரிய டிவி மட்டும்தான்.

வேதத்தில் நான் அப்படியொன்றும் மோசமில்லை. ஓய்வுநாள் பள்ளி அக்கா எங்களுக்கு ஆவி, ஆத்துமா, சரீரம் என்று மனிதனை மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருந்தார். மூன்றுக்கும் தீனி போட வேண்டும். சரீரத்துக்குச் சோறு, ஆவிக்கு ஜெபமும் வசனமும். ஆத்துமாவுக்கு என்ன என்று கேட்டபோது அக்கா கொஞ்சம் யோசித்து, "பாட்டு, சந்தோஷம், மனுஷங்களோட ஐக்கியம், அந்த மாதிரி" என்றார். அவருக்கே சரியாகத் தெரியவில்லை என்று தோன்றியது. மூன்றில் ஒன்றைப் பட்டினி போட்டால் மற்ற இரண்டும் என்ன செய்யும் என்பதை அவர் சொல்லித்தரவில்லை.

பெரியம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. வளையல்கள் முழங்கை வரைக்கும் போய் வந்தன. என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள், ஆனால் அவள் கண் என்னைத் தாண்டி வாசலில் நின்றது. சமையல் மட்டும் தடபுடலாக நடந்தது. ருசி பார்ப்பதில்லை என்பதால் ஒருநாள் உப்பே இருக்காது, ஒருநாள் வாயில் வைக்க முடியாது. பெரியப்பா எது வந்தாலும் பிசைந்து சாப்பிடுவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்த அவர், கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடியுமுன் செருப்பைத் தேடுகிற ரகம்.

சாப்பாட்டு அறைச் சுவரில், எங்கள் ஆட்களின் வீடுகளில் வழக்கமாக மாட்டியிருக்கும் பலகை ஒன்று இருந்தது. கிறிஸ்துவே இந்த வீட்டுக்குத் தலைவர், எல்லா வேளைச் சாப்பாட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் கூட உட்காரும் விருந்தாளி என்று எழுதியிருக்கும். எங்கள் வீட்டிலும் உண்டு. நாங்கள் அதைப் படித்ததோடு சரி. இங்கே அந்த விருந்தாளிக்கு நிஜமாகவே தட்டு வைத்தார்கள். மேசையில் ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால், அண்ணன் உட்காரும் இடத்தில். பெரியப்பாவும் நானும் சாப்பிட்டு எழுந்ததும் பெரியம்மா அந்தத் தட்டில் பரிமாறி, கண்ணை மூடி ஜெபித்து, கதவை ஒருக்களித்துச் சாத்துவாள். நாங்கள் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். விருந்தாளி சாப்பிடும்போது பார்க்கக் கூடாதாம்.

முதல்நாள் பகல் கரண்டு போயிருந்தது. ஃபேன் நின்ற வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். பிறகு பெரியம்மா கூப்பிட்டுக் காட்டினாள். தட்டு காலி.

"பாரு, வந்துட்டுப் போயிருக்காரு" என்றாள் நிதானமாக.

மீன்முள் மட்டும் தட்டு விளிம்பில் வரிசையாக, சீப்பின் பல் மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. முள்ளை அப்படி அடுக்குவது அண்ணனின் பழக்கம். அதற்காகவே அவனோடு போட்டி போட்டு நானும் அடுக்கியிருக்கிறேன்.

அடுத்தநாள் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தது பெரியம்மாதான். முதுகை வளைத்து, ஒரு காலை மடக்கி நாற்காலி மேல் வைத்து, இடது கையால் சோற்றைப் பிசைந்து அள்ளி அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இடது கையால். அண்ணனுக்குப் பிறவியிலேயே இடது கைதான். "சோத்துக்கையால சாப்புடுடா" என்று அந்த இடது கையில் கரண்டியால் தட்டித் தட்டியே அவனை வளர்த்தவள் அவள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி, நாற்காலியைப் பழையபடி தள்ளி வைத்தாள். அப்புறம் யாரோ முதுகில் தட்டிக் கூப்பிட்டதுபோலத் திடுக்கிட்டுத் தட்டைப் பார்த்தாள். "வந்துட்டுப் போயிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்தாள்.

நான் பின்பக்கத் துவைக்கிற கல்லுக்கு ஓடிவிட்டேன். பெரியப்பா பின்னாலேயே வந்தார்.

"பாத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"மொத நாளு நானும் ஒன்ன மாதிரிதான் பயந்தேன் கண்ணு. கடைச் சாவிய மறந்துட்டுத் திரும்ப வந்தேன். அவன் எடத்துல ஒக்காந்து, எனக்கு எடுத்து வச்ச சோத்த இதே மாதிரி சாப்ட்டுட்டு இருந்தா. கூப்ட்டேன். கையில இருந்தத அப்படியே கீழ போட்டுட்டா. அப்புறம் நாலஞ்சு நாளு மோரு கூட குடிக்கல." வேட்டி முனையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறந்தான் அந்தப் பலகையக் காட்டி, ஒன் விருந்தாளிக்கு ஒரு தட்டு வையேன்னு நாஞ் சொன்னேன். அவகிட்ட எதுவும் சொல்லிடாத. சொன்னா நின்னுடும்."

"எது நின்னுடும்?"

"எல்லாமேதான்."

இதற்கு மேல் ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் பத்து வயதில் நான் ஓய்வுநாள் பள்ளியில் முதல் பரிசு வாங்குகிறவள். எனக்குப் புரிந்தது வேறு. செத்தவர்கள் திரும்பி வருவதில்லை, அவர்கள் சாயலில் வருவது வேறு ஏதோ, அதை இயேசுவின் நாமத்தில் அதட்டித் துரத்த வேண்டும் என்று அக்கா தெளிவாகச் சொல்லியிருக்கிறார். முதுநகர் கோயிலில் பாஸ்டர் துரத்தியதை நானே பார்த்திருக்கிறேன். ஏதோ ஒன்று பெரியம்மாவுக்குள் உட்கார்ந்து அவள் சோற்றைத் தின்கிறது. அதனால்தான் அவள் இப்படி இளைத்துப்போகிறாள். பெரியப்பா அதற்கு வேலைக்காரர் மாதிரி. அவள் கண்ணை மூடி ஜெபிக்கிற நேரம் பார்த்து அந்தத் தட்டுச் சோற்றில் நெய்யை ஊற்றி, அவித்த முட்டையை உள்ளே புதைத்து வைப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அம்மா தினமும் செல்போனில் கேட்பாள், "பெரியம்மா சாப்ட்டாங்களா?" நான், "அவுங்க உபவாசம்மா" என்பேன். வேறென்ன சொல்ல? பெரியம்மாவைக் காப்பாற்ற அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆள் நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அங்கே வீட்டு ஜெபம் நடக்கும். சபைப் பெண்கள் காலையில் வந்து மதியம் வரை உபவாசமிருந்து ஜெபிப்பார்கள். அன்று வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூக்கு. எறா தொக்கு, முருங்கைக்கீரை, முள் எடுத்த வஞ்சிரம். ஒரு ஆன்ட்டி ஆட்டுக்கால் சூப்பே கொண்டுவந்திருந்தார். பெரியம்மா கேட்டதற்கு, "விருந்தாளிக்குத்தான்க்கா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. உபவாச ஜெபத்துக்கு ஆட்டுக்கால் சூப்பா என்று எனக்கு ஆச்சரியம்.

மதியம் பெரியம்மா வழக்கம்போல் தட்டை வைத்து, ஜெபித்து, கதவைச் சாத்திக்கொண்டாள். கூடத்தில் பெண்கள் பாட்டு ஆரம்பித்தார்கள். நான் மெல்ல நழுவி, கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டேன்.

அவள் பாதிச் சோறு சாப்பிட்டிருந்தாள். ஒரு கால் நாற்காலி மேல். இடது கை. மேசைக்கு எதிரே போய் நின்றேன். பாஸ்டர் நீட்டுவதுபோல வலது கையை நீட்டினேன். அதட்ட வேண்டிய வசனம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அப்போது அவள் தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"வாத்து, இன்னொரு அப்பளம் எடுத்துட்டு வா."

குரல் பெரியம்மாவுடையதுதான். ஆனால் என்னை வாத்து என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஆள். என் நடையைப் பார்த்து அண்ணன் வைத்த பெயர் அது. அவன் போன பிறகு அதை யாரும் சொன்னதில்லை, பெரியம்மா எப்போதுமே சொன்னதில்லை. ஓட வேண்டும் என்று தோன்றியது, அழ வேண்டும் என்றும் தோன்றியது. அதட்டத் திறந்த வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை.

"சரிண்ணா."

அடுப்படியில் பெரியப்பா நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் அப்பளத்தை எடுத்தார், கூடவே ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டு, எறா தொக்கை அள்ளி வைத்தார். "ஓடாத. மெள்ளப் போ. சோத்தையும் வச்சுட்டு வா."

வைத்தேன். என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த இடது கை வந்து அப்பளத்தை எடுத்தது. கிண்ணத்துச் சோற்றையும் வழித்துப் போட்டுக்கொண்டது. கூடத்தில் அவர்கள் பாடிய பாட்டின் பல்லவி முடிந்து, மறுபடி வந்து, மறுபடியும் வந்தது. எத்தனை முறை பாடினாலும் அடுத்த சரணத்துக்குப் போகவே இல்லை. குரல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பெரியம்மா கை கழுவிக் கதவைத் திறந்ததும் பாட்டு சட்டென்று நின்றது.

"வந்தாராக்கா?" என்றார் ஆன்ட்டி.

"வந்திருக்காரு. தட்டுல ஒரு பருக்கை இல்ல." பெரியம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவள் உதட்டோரத்தில் ஒரு சோற்றுப்பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி எழுந்து வந்து, வேர்வையைத் துடைப்பதுபோல் முந்தானையால் அதை ஒற்றி எடுத்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்றார். எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்துதான் அதற்குச் சோறு போடுகிறார்கள். அந்தப் பட்டப்பகல் வெளிச்சத்தில் அவர்களுக்கு நடுவே நின்றபோது வந்த பயம், கதவுக்கு உள்ளே வந்ததை விடப் பெரிது.

மறுநாள் அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டாள். கடலூர் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், அவளாவது பாஸ்டரைக் கூப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் தாண்டியதும் அவளே ஆரம்பித்தாள்.

"நேத்து விருந்தாளி வந்தாரா?"

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. "வந்தாரு" என்றேன்.

"என்ன சாப்ட்டாரு?"

"முட்டை. எறா தொக்கு."

"மிச்சம் வச்சாரா?"

"இல்ல. ரெண்டாவது வாட்டி வாங்கிச் சாப்ட்டாரு. அப்பளம் வேணும்னு கேட்டாரு."

"கேட்டாரா?" அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "வாயத் தொறந்து கேட்டாரா? யாருகிட்ட?"

"எங்கிட்ட. நாந்தான் கொண்டு போயி வச்சேன்."

அம்மா அப்படியே முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பார்த்தால் சிரிக்கவும் செய்தாள். "ஆண்டவரே, ஸ்தோத்திரம். ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று கம்பியைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். பேய் வயிறாரச் சாப்பிட்டதற்கு ஆண்டவரைத் துதிக்கிற அம்மாவிடமிருந்து கொஞ்சம் விலகி, ஜன்னல் கம்பியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.