செல்போன் டாக்டரின் தோள்பட்டை

எங்கள் சபையில் கர்த்தரின் வல்லமையைத் துதிப்பதில் செல்போன் டாக்டரை மிஞ்ச ஆளில்லை. செல்போன் பழுது பார்ப்பவர் என்பதால் அந்தப் பட்டம். தொழிலில் அவர் தூக்கும் அதிகபட்ச எடை ஒரு திருகாணி. ஆனால் ஞாயிறு ஆராதனையில் பாட்டு வல்லமை என்ற சொல்லுக்கு வந்ததும், மின்விசிறியைப் பிடித்துவிடுவாரோ என்று பின்வரிசை அஞ்சும் அளவுக்கு இரு கைகளும் உயரும்.

அந்தக் கைகளுக்கு ஒரு சோதனை வந்தது. ஆலயத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும், பெஞ்சுகளை வெளியே எடுக்க ஆண்கள் சனிக்கிழமை வரவும் என்றார் போதகர். அந்த பெஞ்சுகள் நோவாவின் பேழையில் மிஞ்சிய மரத்தில் செய்தவை என்பது தூக்கியவர்களின் நம்பிக்கை. டாக்டர் வெள்ளிக்கிழமையே போதகரிடம் போய், வலது தோள் இறுகிவிட்டது, மனைவிதான் சட்டை மாட்டிவிடுகிறாள் என்று முகத்தைச் சுளித்துச் சொல்லிவிட்டு வந்தார். தான் செய்துவரும் இந்தச் சேவை மனைவிக்கே அன்றுதான் தெரியும்.

போதகர் உருகிப்போனார். பெஞ்சு தூக்கிய அத்தனை பேரையும் அந்தத் தோளுக்காக ஜெபிக்க வைத்தார். வேர்வை வழிய ஜெபித்தவர்களில் டாக்டரின் மச்சினனும் ஒருவன்.

ஞாயிறு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில், கையை வயிற்றோடு அணைத்தபடி நோயாளியாக அமர்ந்தார் டாக்டர். பழக்கம் பொல்லாதது. பாட்டு அந்தச் சொல்லைத் தொட்டதும் இரு கைகளும் விட்டத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டன.

பாட்டு நின்றது. போதகர் கண்கலங்கி, "பிரதர், உங்க கையைப் பாருங்க" என்றார். சபையே எழுந்து ஸ்தோத்திரம் சொன்னது. இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல், போலீசிடம் மாட்டியவர் போலக் கைகளைத் தூக்கியபடியே நின்றவரை மேடைக்கு அழைத்துப் போய் மைக்கைக் கொடுத்தார்கள். கர்த்தர் தோளைக் குணமாக்கினார் என்று சாட்சி சொல்ல வேண்டுமாம்.

டாக்டரின் மனம் வக்கீல் வேலை பார்த்தது. புகழ் போவது கர்த்தருக்குத்தானே? செய்யாத வேலைக்கு அவருக்கு ஒரு பாராட்டு வாங்கிக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? தொண்டையைச் செருமினார்.

அப்போது முன்னே வந்தாள் எங்கள் சபையின் தையல்காரப் பெண் ஒருத்தி. வாதம் வந்து இடது கை விழுந்து ஒரு வருடமாகிறது. அந்தக் கையை வலது கையால் ஏந்தியபடி, "எனக்கும் கேளுங்கண்ணே. உங்களுக்குச் செஞ்சவர் எனக்கும் செய்வாரு" என்றாள்.

டாக்டர் மனைவியைத் தேடினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கர்த்தருக்கு மகிமை சேர்க்கிறேன் பேர்வழி என்று இந்தத் தையல்காரப் பெண்ணின் நம்பிக்கையில் கைவைக்கப் போகிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு வலியே இல்லம்மா," என்றார் மைக்கில். "பெஞ்சு தூக்கப் பயந்து பொய் சொன்னேன்."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. தையல்காரப் பெண்தான் சொன்னாள்: "வலியே இல்லையா? அதுக்கும் அவருக்கு ஸ்தோத்திரம்ணே." அதில் குத்தல் இருக்கிறதா என்று டாக்டர் தேடினார். இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மாலையில் பெஞ்சுகள் உள்ளே திரும்பின. மச்சினன் ஒரு முனையைக் காட்டி, "கனமான பக்கம் உங்களுக்குத்தான் மச்சான். ஜெபம் பண்ணியிருக்கோம்ல" என்றான். டாக்டர் அந்த முனையைப் பிடித்துத் தூக்கினார்.

அடுத்த ஞாயிறு பாட்டு அதே சொல்லுக்கு வந்தபோது தோள்கள் நிஜமாகவே வலித்தன. யாரிடம் சொல்வது? முன்வரிசையில் தையல்காரப் பெண் வலது கையால் இடது கையை உயர்த்திப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள். டாக்டரின் கைகள் மார்புவரை வந்து நின்றுவிட்டன. பின்வரிசைக்குக் கேட்காத குரலில் பாடினார்.