அடுப்பில் வைத்த ரிவால்வர்

அமெரிக்காவின் மிசூரியில் என் பக்கத்து வீட்டுக்காரர் டேல் ஹக்கபி. பழைய ரிவால்வர் எங்கே ஏலத்துக்கு வந்தாலும் வாங்கிவந்து, துரு நீக்கிப் பளபளப்பாக்குவார். படுக்கையறை வரைக்கும் ரிவால்வர்கள்தான்.

இடித்த வீட்டுச் சுவருக்குள் கிடந்த ஒன்று அவருக்குக் கிடைத்தது. துருவேறி இறுகியிருந்ததால் அடுப்பில் சூடுகாட்டினார்.

“டேல், உள்ள குண்டு இருந்துடப் போகுது,” என்றாள் மனைவி வெர்னா.

“நூத்தம்பது வருஷத்து மருந்துடி. செத்துப்போயிருக்கும்.”

அவள் காபி எடுக்க எழுந்தாள். துப்பாக்கி வெடித்தது.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் ஓட்டை. வெர்னா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். டேல் ரிவால்வரைத் துணியால் எடுத்து முகர்ந்தார்.

“இன்னும் உயிரோட இருக்குப்பா!” என்றார் கண்கலங்கி. மனைவியைத் திரும்பிப் பார்க்கவேயில்லை.

அன்று மாலையே வெர்னா தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் அடுத்த ஏலத்துக்குக் கிளம்பினார். நான் என் கட்டிலை அவர் வீட்டுப் பக்கச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டேன்.